கருப்பூருக்கு வரும் பணம்: பெரியார் பல்கலைக்கழகமும் மானியக் கோரிக்கை எண் 20-உம்

சேலத்திலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில், கருப்பூரில் இருக்கிறது பெரியார் பல்கலைக்கழகம். 1997 செப்டம்பர் 17-ல் தொடங்கப்பட்டது. அதுவரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. மதிப்பெண் பட்டியலில் பெயர்ப் பிழை என்றாலும் சேப்பாக்கத்துக்கு ரயில் ஏற வேண்டியிருந்த காலம் அது. இன்று சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் கருப்பூரோடு இணைந்திருக்கின்றன. நெசவு, லாரித் தொழில், கோழிப்பண்ணை, மானாவாரி விவசாயம், சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டக் கூலி என்று பிழைக்கும் குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கும் வேலை இந்தக் கல்லூரிகளுடையது.

இணைவுக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இந்த ஆய்வில் நான் பின்தொடர்வது ஒரே கேள்வியைத்தான். சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி உருவாக்கிய ஒரு பல்கலைக்கழகத்துக்கு, அதே சட்டமன்றம் வாக்களித்துத் தரும் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் போதாமல் போகிறது, போதாததை யார் கட்டுகிறார்கள்? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கட்டுகிறார்கள். அதுவும் யாரும் அவர்களிடம் கேட்காமல், யாரும் பேரவையில் அதை ஒரு வரியாகக்கூடப் படிக்காமல்.

பேரவையில் நடப்பது

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 32-ஆவது பதிவு பல்கலைக்கழகங்களை நிறுவும் அதிகாரத்தை மாநிலத்துக்குத் தருகிறது. கல்வி 1976-ல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போன பிறகும் இந்தப் பதிவு அங்கேயே நின்றது. தமிழ்நாட்டில் உயர்கல்வித் துறையின் கீழ் 13 பல்கலைக்கழகங்கள் உள்ளன. 1857-ல் பிறந்த சென்னைப் பல்கலைக்கழகமும் அதில் ஒன்று, 2008-ல் வந்த ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் ஒன்று.

ஒவ்வோர் ஆண்டும் நிதியமைச்சர் நிதிநிலை அறிக்கையை வைத்த பிறகு, துறைவாரியாக மானியக் கோரிக்கைகள் பேரவைக்கு வருகின்றன. உயர்கல்விக்கு எண் 20. அமைச்சர் கொள்கை விளக்கக் குறிப்பை வைப்பார், உறுப்பினர்கள் பேசுவார்கள், வெட்டுத் தீர்மானங்கள் கொடுக்கப்படும், பிறகு குரல் வாக்கெடுப்பு. எல்லாக் கோரிக்கைகளும் முடிந்ததும் நிதி ஒதுக்கச் சட்டமுன்வடிவு நிறைவேறும். அதன் பிறகுதான் அந்த ஆண்டுக்கான முழுத் தொகையைக் கருவூலத்திலிருந்து எடுக்க முடியும், அதுவரை பேரவை தற்காலிகமாக அனுமதிக்கும் முன்பணம்தான்.

உயர்கல்விக்கான ஒதுக்கீடு 2023-24-ல் 6,967 கோடி ரூபாய், 2024-25-ல் 8,212 கோடி, 2025-26-ல் 8,494 கோடி. இந்த எண்கள் செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் வரும். அரசுக் கலைக் கல்லூரிகள், பொறியியல் கல்லூரிகள், பாலிடெக்னிக்குகள், கட்டணச் சலுகைகள், கட்டடங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். பல்கலைக்கழகங்களுக்கான உதவி, பொதுக் கல்வி என்ற 2202-ஆம் பெருந்தலைப்பின் கீழ், 03 என்ற பிரிவில், 102 என்ற சிறுதலைப்பில் வருகிறது. அதற்குள்ளே ஒரு வரிதான் கருப்பூர்.

அந்த வரியில் வருவது பெரும்பாலும் தொகுப்பு மானியம். கூட்டுக் குடும்பத்தில் பெரியவர் மாதச் செலவுக்கென்று ஒரு தொகையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, அரிசி விலை ஏறியதா, வீட்டுக்கு எத்தனை பேர் சாப்பிட வந்தார்கள் என்று கேட்காமல் இருப்பதைப் போன்ற ஏற்பாடு இது. அரசுக் கல்லூரி ஆசிரியரின் சம்பளம் கருவூலத்திலிருந்து நேராக அவர் கணக்குக்குப் போகிறது. ஆள் இருந்தால் சம்பளம் உண்டு. பல்கலைக்கழக ஆசிரியரின் சம்பளத்துக்கு அப்படியொரு உறுதி இல்லை. தொகுப்பு மானியமும் பல்கலைக்கழகத்தின் சொந்த வருமானமும் ஒரே பானையில் விழுகின்றன, அங்கிருந்துதான் சம்பளம். மானியம் தாமதமானால் அல்லது குறைந்தால் பதிவாளரும் நிதி அலுவலரும் வைப்புத்தொகையை உடைப்பதைப் பற்றி யோசிக்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024-ஆம் ஆண்டுகளில் ஊழியர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றிப் போராடியது இந்தப் பானை வற்றியதால்தான்.

இரண்டு சதவீதத்தின் விலை

தொகை எப்படிப் போதாமல் போகிறது என்பதை ஓர் உதவிப் பேராசிரியரின் சம்பளத்தை வைத்துப் பார்க்கலாம். ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரி முதல் அகவிலைப்படியை 53 சதவீதத்திலிருந்து 55 சதவீதமாக உயர்த்தியது. அரசு ஊழியர்களுக்கு அறிவிக்கும் படி பல்கலைக்கழகத்திலும் கொடுத்தாக வேண்டும், அது நியாயமும்கூட. ஆனால் அந்த இரண்டு சதவீதம் ஒருவருக்கு மாதம் 1,154 ரூபாய், ஆண்டுக்கு 13,848 ரூபாய். பணியில் மூத்தவர்களுக்கு இன்னும் அதிகம். படி உயர்வு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. அந்த உயர்வோடு சேர்ந்து தொகுப்பு மானியமும் தானாக உயரும்படி எந்த விதியும் இல்லை.

ஊதியக் குழு வந்தபோதும் இதே கதை. கூடுதல் செலவில் பாதியை ஒன்றிய அரசு 39 மாதங்களுக்கு ஏற்றது: 2016 ஜனவரி முதல் 2019 மார்ச் வரை. நாற்பதாவது மாதத்திலிருந்து அந்தப் பாதி மாநிலத்தின் தலையிலும் பல்கலைக்கழகத்தின் தலையிலும் விழுந்தது. பன்னிரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் 2017-ல் முடிந்ததோடு, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி என்ற பல்கலைக்கழக மானியக் குழு தந்துவந்த பொது வளர்ச்சி நிதியும் நின்றுபோனது. கருப்பூர் 2005-ல், யுஜிசி நிதி பெறுவதற்கான 12(பி) தகுதி பெற்றது அந்த மாதிரி உதவிகளுக்காகத்தான்.

போதாக்குறையை அடைக்க நிர்வாகத்துக்கு முதலில் தோன்றுவது காலிப் பணியிடத்தை நிரப்பாமல் விடுவது. ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் கௌரவ விரிவுரையாளர். கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-ல் வழிகாட்டியது. நம் அரசுக் கல்லூரிகளில் தரப்படுவது 25,000. நெட் தேர்விலும் முனைவர் பட்டத்திலும் முழுத் தகுதி பெற்று, முப்பத்தைந்து நாற்பது வயதில், கோடை விடுமுறை மாதத்துக்குச் சம்பளமில்லாமல் இருக்கும் எத்தனையோ பேரை நான் அறிவேன். வகுப்பில் அவர்கள் நடத்தும் பாடம் நிரந்தர ஆசிரியரின் பாடத்துக்கு எந்தவிதத்திலும் குறைந்ததில்லை. ஆனால் ஆய்வு மாணவரை வழிநடத்தும் உரிமை, ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி இரண்டும் நிரந்தர ஆசிரியருக்குத்தான் என்பதால், பணியிடம் காலியாக இருக்கும் துறைக்கு வெளியிலிருந்து ஆய்வு நிதி வருவதும் குறைகிறது. மிச்சம் பிடித்த சம்பளம், வந்திருக்க வேண்டிய வருமானத்தையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

இதற்கிடையே துணைவேந்தர் நியமனச் சண்டை. நியமன அதிகாரத்தை ஆளுநரிடமிருந்து அரசுக்கு மாற்ற 2022-ல் பேரவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவுகள் ஆளுநர் மாளிகையில் நின்றன, 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, அடுத்த மாதமே அந்தச் சட்டங்களுக்கு உயர் நீதிமன்றத்தில் தடை. தலைமை இல்லாத ஒரு பல்கலைக்கழகத்தின் நிதிக் கோரிக்கைக்குக் கோட்டையில் என்ன மதிப்பு இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

“சொந்தமாகச் சம்பாதியுங்கள்”

மானியம் போதவில்லை என்று போனால் நிதித்துறை அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில், உங்கள் சொந்த வருமானத்தைப் பெருக்குங்கள் என்பது. கருப்பூருக்கு என்ன சொந்த வருமானம்? நிலம் குத்தகைக்கு விடவா முடியும்? தேர்வுக் கட்டணம், இணைவுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி. இவைதான் பெரிய வழிகள்.

தேர்வுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன உதவிப் பேராசிரியருக்கு 55 சதவீத அகவிலைப்படியோடு, வீட்டு வாடகைப்படி சேர்க்காமல், மாதம் 89,435 ரூபாய் ஆகிறது. ஆண்டுக்கு 10,73,220. இந்த ஒரு பணியிடத்தின் சம்பளத்தைத் தேர்வுக் கட்டணத்திலிருந்து எடுக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பருவத்துக்கு 50 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 100 ரூபாய் ஏற்றினால், 10,732 மாணவர்கள் கட்ட வேண்டும். ஒரே ஒரு ஆசிரியருக்கு. அரூரிலும் பென்னாகரத்திலும் இளம்பிள்ளை நெசவுக்கூடத்திலும் வேலை செய்யும் தாய் தகப்பன் கையிலிருந்து. ஐம்பது ரூபாய் சின்னத் தொகைதானே என்று கேட்பவர்கள், ஒரு பாடத்தில் தவறிய மாணவன் அரியர் தேர்வுக்குப் பணம் கட்ட முடியாமல் அந்தப் பருவத்தையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்த வழியும் குறுகிவருகிறது. நல்ல கல்லூரிகள் தன்னாட்சி பெறுகின்றன. சேலம் அரசுக் கலைக் கல்லூரி, ஸ்ரீ சாரதா மகளிர் கல்லூரி, ராசிபுரம் முத்தாயம்மாள் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். அவை தங்கள் தேர்வைத் தாங்களே நடத்துகின்றன, பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் வழங்குகிறது. கல்விக்கு அது நல்லது. ஆனால் பெரிய எண்ணிக்கையில் மாணவர்கள் படிக்கும் கல்லூரிகள் ஒவ்வொன்றாகத் தேர்வு வருமானத்திலிருந்து விலகும்போது, மிஞ்சியிருக்கும் சிறிய ஊர்க் கல்லூரிகளின் மாணவர்கள் மேல்தான் சுமை இறங்குகிறது. பிள்ளைகளில் வசதி குறைந்தவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள்.

இணைவுக் கட்டணத்திலும் ஒரு கை வைத்தாயிற்று. 2024 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம், பல்கலைக்கழகம் கல்லூரிகளுக்கு வழங்கும் இணைவுச் சேவைக்கு 18 சதவீத வரி உண்டு என்று தெளிவுபடுத்தியது. கல்லூரி கட்டும் அந்த 18 சதவீதம் எங்கிருந்து வரும்? அதுவும் மாணவரின் கட்டண ரசீதில்தான் போய் உட்காரும்.

தொலைநிலைக் கல்வி ஒரு காலத்தில் மாநிலப் பல்கலைக்கழகங்களின் அட்சய பாத்திரமாக இருந்தது. வட இந்தியா வரை படிப்பு மையங்கள், ஆயிரக்கணக்கில் சேர்க்கை. யஷ்பால் வழக்கில் 2005-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு எல்லைக் கட்டுப்பாடு வலுத்தது, ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே மையம் நடத்தக் கூடாதென்று யுஜிசி தடுத்தது. 2018-ல், கல்வி நிறுவனங்களின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4-க்கு 3.26 இல்லாதவர்கள் தொலைநிலைப் படிப்பே நடத்த முடியாது என்ற விதி வந்தது, பின்னால் தளர்ந்தது. தரத்துக்காக இவை தேவைப்பட்ட கட்டுப்பாடுகள் என்றே நான் நினைக்கிறேன். கண்ட இடத்தில் மையம் திறந்து பட்டம் விற்ற காலம் திரும்ப வரக் கூடாது. ஆனால் அந்த வருமானம் போனபோது அதற்கு ஈடாக மானியத்தை உயர்த்த வேண்டும் என்று அப்போதே பேரவையில் வாதாடியிருக்க வேண்டும்.

பாதிக்குக் கீழே போனால்

சொந்த வருமானத்தைப் பெருக்குங்கள் என்பதில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. இது பலருக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வருமான வரிச் சட்டம், முழுமையாகவோ பெருமளவிலோ அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனத்துக்கு வரிவிலக்கு தருகிறது. பெருமளவு என்றால் எவ்வளவு என்பதற்கு 2014-ல் விதி வந்தது: மொத்த வரவில் 50 சதவீதத்துக்கு மேல் அரசு மானியமாக இருக்க வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் வரவு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அரசு 52 தந்தால் கவலையில்லை. அரசு அதே 52 ரூபாயில் நின்றுவிட, பல்கலைக்கழகம் அதிகாரிகள் சொன்னபடியே கட்டணத்தை உயர்த்தி வரவை 110 ஆக்கினால், அரசின் பங்கு 47-க்கு இறங்குகிறது. சொன்ன பேச்சைக் கேட்டதற்காக வரிவிலக்கு கேள்விக்குறியாகிறது. வேறு உட்பிரிவில் விலக்குக் கேட்க முன்கூட்டியே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும்.

இது கற்பனைக் கணக்கு மட்டுமாக நிற்கவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 37 வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. கேட்கப்பட்ட தொகை 424 கோடி ரூபாய். அரசின் பங்கு பாதிக்குக் கீழே போனதுதான் அந்தக் கோரிக்கையின் வேர். நூற்றறுபது ஆண்டு கடந்த ஒரு பல்கலைக்கழகம் சம்பளம் போட முடியாமல் தவித்தது.

கருப்பூர் அதைவிட வயதில் சிறியது, ஓய்வூதியச் சுமையும் குறைவு. ஆனால் தொடக்க ஆண்டுகளில், 2003 ஏப்ரலுக்கு முன், பணியில் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு உரியவர்கள். அந்தத் தலைமுறை ஓய்வு பெறும் காலம் இது. சென்னையும் மதுரையும் பட்ட பாட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ள கருப்பூருக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பல்கலைக்கழகத்தை ஆய்வுக்கு எடுத்தேன்.

முறைகேடு இருக்கும்போது பணம் தரலாமா?

சேலத்தில் யாரிடம் இதைப் பேசினாலும் உடனே வரும் மறுப்பு இது, மறைக்க விரும்பவில்லை. 2023 டிசம்பரில் அப்போதைய துணைவேந்தர் கைதானது நாடறிந்த செய்தி. பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டி ஒரு நிறுவனம் தொடங்கியதைச் சுற்றி எழுந்த புகார் அது. குற்றமா இல்லையா என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் “பணத்தை எங்கே கொட்டுவது” என்ற கோபம் மக்களிடம் இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்கை உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. தணிக்கைத் தடைகள் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கின்றன, அவற்றைக் காட்டி மானியம் நிறுத்தப்படுகிறது அல்லது வெட்டப்படுகிறது. இந்த முறையை என்னால் ஏற்க முடியவில்லை. தவறு செய்த அலுவலர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார். நிறுத்தப்பட்ட மானியத்தின் வலி, அந்த முடிவுக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லாத மாணவருக்கும் தினக்கூலிப் பணியாளருக்கும் போகிறது. முறைகேட்டுக்குப் பொறுப்பானவரிடம் பணத்தை மீட்க சட்டத்தில் வழி உண்டு. அதைச் செய்யாமல் மானியத்தை நிறுத்துவது எளிது, அவ்வளவுதான். ஆட்சிக்குழுவிலேயே அரசுச் செயலாளர்கள் உறுப்பினர்களாக இருக்கும்போது, நடந்தது எதுவும் அரசுக்குத் தெரியாது என்று சொல்வதும் பொருந்தாது.

இருபத்தெட்டுப் பேர்

தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம், நாட்டின் சராசரி 28.4. புதுமைப்பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது, என் வகுப்பில் அதன் பலனை நேரில் பார்க்கிறேன். பேருந்து ஏற, செல்போனுக்குப் பணம் போட, புத்தகம் நகலெடுக்க அந்தத் தொகை உதவுகிறது. அது சமூகநலத் துறையின் கோரிக்கையில் வருகிறது. மாணவியைக் கல்லூரி வாசல் வரை கொண்டுவர ஒரு கோரிக்கையில் பணம் இருக்கிறது. வாசலுக்கு உள்ளே ஆசிரியரை வைக்க இன்னொரு கோரிக்கையில் இல்லை. வலது கையில் கொடுத்த ஆயிரத்தில் ஒரு பங்கைத் தேர்வுக் கட்டணமாக இடது கையில் வாங்கிக்கொள்கிறோம்.

கருப்பூரின் எல்லைக்குள் வரும் சட்டமன்றத் தொகுதிகளை எண்ணிப் பார்த்தேன். சேலத்தில் 11, நாமக்கல்லில் 6, தருமபுரியில் 5, கிருஷ்ணகிரியில் 6. மொத்தம் 28. 234 பேர் கொண்ட பேரவையில் இது எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. இன்னொன்றும் கண்ணில் பட்டது. தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இரண்டே இரண்டு, ஏற்காடும் சேந்தமங்கலமும். இரண்டும் இந்தப் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருக்கின்றன. சேர்வராயனிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் இறங்கிவந்து படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் பட்டத்தில் பெரியார் பல்கலைக்கழகத்தின் முத்திரைதான் இருக்கும். மாநிலப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட பேரவைக் குரல் முழுவதும் ஒரே பல்கலைக்கழகத்தின் எல்லையில் இருக்கிறது. அந்தக் குரல் கோரிக்கை எண் 20-ன்போது ஒலிக்க வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்? கட்சி எதுவானாலும் 28 பேரும் சேர்ந்து கேட்கக்கூடியது இது. அரசு அனுமதித்த பணியிடங்களுக்கான சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தொகுப்பு மானியத்திலிருந்து பிரித்துத் தனி வரியாக வைக்க வேண்டும். அகவிலைப்படி உயரும்போது அந்த வரியும் உயர வேண்டும். மிச்சச் செலவுக்கு வேண்டுமானால் தொகுப்பு மானியம் இருக்கட்டும். அரசின் பங்கு மொத்த வரவில் பாதிக்குக் கீழே போகாதபடி நிதித்துறை ஆண்டின் நடுவிலேயே, திருத்த மதிப்பீட்டின்போது, சரிபார்க்க வேண்டும். பற்றாக்குறை தெரிந்தால் துணை மதிப்பீட்டில் சேர்க்க முடியும், அதற்கும் பேரவைதான் வாக்களிக்கிறது.

தேர்தல் ஆண்டில் இது இன்னும் அவசரம். 2021-ல் பிப்ரவரி 23-ல் இடைக்கால நிதிநிலை அறிக்கை வந்தது, திருத்திய அறிக்கை ஆகஸ்ட் 13-ல்தான். அதுவரை பேரவை தற்காலிகமாக அனுமதித்த முன்பணத்தில் அரசு ஓடியது. கல்வியாண்டோ கோடை முடிந்ததும் தொடங்கிவிடுகிறது. புதிய அரசு வந்து மானியக் கோரிக்கை பேரவைக்கு வரும்போது முதல் பருவத்தின் பாதிப் பாடம் முடிந்திருக்கும். அந்த மாதங்களுக்கான சம்பளத் தொகையை முன்பண அனுமதியிலேயே முழுதாகச் சேர்க்கச் சொல்லி பிப்ரவரியிலேயே கேட்க வேண்டும்.

கொள்கை விளக்கக் குறிப்பில் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றைப் பற்றியும் இப்போதே பக்கங்கள் உண்டு. கருத்தரங்குகள், விருதுகள், தரவரிசை எல்லாம் அதில் இருக்கும். கருப்பூருக்கான பக்கத்தில் இன்னும் சில எண்கள் வேண்டும்: அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தேவை எவ்வளவு, விடுவித்த மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் விடுவித்தார்கள், மாணவரிடம் வசூலித்த கட்டணம் மொத்தம் எவ்வளவு. இந்த எண்கள் எல்லாம் பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவில் இருக்க வேண்டியவை. இவற்றை அச்சிட வைக்கப் புதிய சட்டம் வேண்டாம், கேள்வி நேரத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டால் போதும்.